ஐப்டேசியா: ஊசியா, மீனா, இல்ல சும்மா விடறதா?

கடல் தண்ணி மீன் டேங்க்ல கல்லு இடுக்குல முளைச்சு பரவுற தொல்லை பிடிச்ச குட்டி அனிமோன்தான் (பூ மாதிரி விரல் விரிச்சு நிக்கிற கடல் ஜந்து) ஐப்டேசியா. அது வந்துருச்சுன்னு தெரிஞ்ச உடனே முக்கால்வாசி பேரு பண்றது ஒண்ணுதான், கைய விட்டு நகத்தால சொரண்டுறது, இல்லன்னா பழைய டூத் பிரஷ் எடுத்து தேய்க்கிறது. தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். இந்த ஜந்துவை அரைகுறையா அடிச்சா சாகாது, பெருகும். ஒரே அடியில அடிவேரோட போகும்னு நம்பிக்கை இருந்தா கை வைங்க, இல்லன்னா ரெண்டு நாள் சும்மா உக்காந்து டேங்க்கப் பாருங்க, ஒண்ணும் ஓடிப்போயிடாது.

நம்ம செட்டப் சொல்லிடறேன். சென்னைல அபார்ட்மென்ட் ஹால்ல நாலடி டேங்க், சம்ப் (கீழ வைக்கிற வடிகட்டுத் தொட்டி) சேத்து 300 லிட்டர் கிட்ட தண்ணி, மீனுல க்ளவுன் ஜோடி, ஒரு டாங், கொஞ்சம் கோபி, க்ளவுனுக்குன்னு ஒரு அனிமோன், மிச்சமெல்லாம் சாஃப்ட் கோரல்தான், சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர், கென்யா ட்ரீ. ஹார்ட் கோரல் கிடையாது, சீ ஃபேனும் (விசிறி மாதிரி விரியுற கோரல்) கிடையாது. அது ரெண்டும் 2001லேருந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல்ல புலிக்குப் பக்கத்துல இருக்கு, நம்ம கடல்ல எடுத்த செத்த கோரல் பாறைன்னாலும் கேஸ்தான். "ராமேஸ்வரத்து லைவ் ராக் பாஸ், சூப்பரா இருக்கும்"னு யாராச்சும் கடல்ல எடுத்த பாறையைக் காட்டி ஆசை காட்டினா அந்தப் பக்கமே போகாதீங்க. என் டேங்க்ல இருக்கிறது பூரா செராமிக் கல்லு, புதுசு, காஞ்சது. அப்படி இருந்தும் ஐப்டேசியா வந்துச்சு. எப்படின்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல அது ஐப்டேசியாதானான்னு பாக்கணும். உடம்பு கண்ணாடி கணக்கா தெரியுற லேசான பழுப்பு, நீளமான காம்பு, மேல ஒல்லியா நுனி கூர்மையான விரல்கள், பெரும்பாலும் கல்லு இடுக்குல காலை உள்ள விட்டு மேல மட்டும் எட்டிப் பாத்துட்டு இருக்கும், கையோட நிழல் பட்டாலே சடார்னு உள்ள போயிடும். ஃபெதர் டஸ்டர் புழுவும் இதே வேகத்துல உள்ள போகும், ஆனா அது ஒரு குழாய்க்குள்ள இருக்கும், விரலும் இறகு இறகா இருக்கும், அது நல்லவன், விட்டுடுங்க. ராத்திரி மட்டும் வெளிய வந்து விரல் நுனியில குட்டிக் குட்டி உருண்டையோட நிக்கிறது பால் (ball, பந்து) அனிமோன், அது இந்த ஸ்பீடுல பெருகாது, அதுக்கு டென்ஷன் ஆக வேணாம். குண்டு குண்டு விரலு, நுனியில பல்ப் வச்சு, நடுவுல பச்சையா பளிச்சுனு இருந்தா அது மஜானோ, அதுவும் தொல்லைதான், ஆனா வைத்தியம் கொஞ்சம் வேற. குட்டி பபிள் டிப் அனிமோன்னு நெனச்சு மஜானோவுக்கு ஆசையா இறால் ஊட்டி வளத்தவங்கள எனக்குத் தெரியும்.

ஏன் இப்படிப் பெருகுதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஐப்டேசியா நகரும்போது அதோட பாதத்துலேருந்து சின்னச் சின்ன திசுத் துணுக்கை விட்டுட்டுப் போகும், ஒவ்வொரு துணுக்கும் கொஞ்ச நாள்ல விரல் முளைச்சு தனி ஆளா நிக்கும். ஜோடியே தேவையில்ல, ஒண்ணு வந்தா போதும். இது போதாதுன்னு முட்டை, விந்துன்னு தண்ணில விட்டும் குஞ்சு பொரிக்கும். இப்ப யோசிங்க, நீங்க பிரஷ்ஷால தேய்ச்சா என்ன ஆகும்? அது மெதுவா பண்ணிட்டு இருந்த வேலைய நீங்க ஒரு நிமிஷத்துல பண்ணிக் குடுத்து, வேவ்மேக்கர் (தண்ணிய அலையா தள்ளுற பம்ப்) வழியா டேங்க் பூரா டெலிவரியும் பண்ணிடறீங்க. தொந்தரவு பண்ணா வெள்ளை வெள்ளையா நூல் நூலா வெளிய விடும், அது பூரா கொட்டுற செல்லு, பக்கத்துல இருக்கிற கோரலுக்கு சூடு வச்ச கணக்கா திட்டு விழும்.

உள்ளுக்குள்ள கோரல்ல இருக்கிற அதே வகை பாசி குடியிருக்கு, அதனால லைட் இருந்தா சாப்பாடு இல்லாமலே ஓட்டும். லைட் இல்லாத சம்ப்லயும் ஓட்டும், பாசியை இழந்து வெள்ளையாயிட்டு, வர்ற சாப்பாட்டுத் துணுக்கைத் தின்னே பொழைக்கும். உலகம் பூரா ஆராய்ச்சிக் கூடங்கள்ல இதை வேணும்னே வளக்கிறாங்க தெரியுமா, கோரல் ஏன் வெளுத்துப் போகுதுன்னு கண்டுபிடிக்க கோரலுக்குப் பதிலா இதை வச்சுத்தான் பரிசோதனை, 2015ல இதோட மொத்த ஜீனோமையும் வெளியிட்டாங்க. சின்ன டப்பாவுல, சுமாரான வெளிச்சத்துல, ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணில வளர்ற குட்டி இறால் வகை) குஞ்சு போட்டா போதும், சாகாம வளரும்ங்கறதுதான் அதோட தகுதி. நம்மகிட்ட அதே தகுதிதான் வினையா வந்து நிக்குது.

சரி, வைத்தியம். எண்ணிக்கைதான் முறையை முடிவு பண்ணும். விரல் விட்டு எண்ணுற அளவுல இருந்தா ஊசி. எண்ண முடியாத அளவுக்கு இருந்தா ஊசி வேஸ்ட், நீங்க முன்பக்கம் பத்து கொன்னா கல்லுக்குப் பின்னாடி இருபது வந்துட்டிருக்கும், அப்ப தின்னுற ஜீவன்தான் வழி.

ஊசிக்கு நான் நம்புறது கால்சியம் ஹைட்ராக்சைடு, ரீஃப்காரங்க பாஷைல கால்க், நம்ம பாஷைல சுண்ணாம்பு. ஆமா, வெத்தலைக்குத் தடவுற அதே நீத்துன சுண்ணாம்புதான் அடிப்படைல. ஆனா கடைல விக்கிற வெத்தலைச் சுண்ணாம்பு பாக்கெட்ல கலரு, வாசனைன்னு சேக்கிறாங்க, அதை டேங்க்ல விடாதீங்க. லேப் கிரேடு பவுடர் கெமிக்கல் கடைல சல்லிசாவே கிடைக்கும். வாங்கினதும் காத்துப் புகாத டப்பால போட்டு இறுக்கி மூடணும், திறந்து வச்சா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துட்டு வெறும் கார்பனேட் ஆயிடும், அப்புறம் அதுல காரமே இருக்காது, ஐப்டேசியா அதுல குளிச்சுட்டு எந்திரிச்சு வரும். தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியோட பிஹெச்சே 12.4 கிட்ட, நம்ம டேங்க் தண்ணி 8.1, 8.3ன்னு இருக்கும், அந்த வித்தியாசம்தான் கொல்லுது.

ஆர்ஓ தண்ணில தோசை மாவு பதத்துக்குக் கரைங்க, கட்டி இல்லாம. தண்ணியா இருந்தா கலைஞ்சு போயிடும், ரொம்ப கெட்டியா இருந்தா ஊசில அடைச்சுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு க்ளவுஸ் கண்டிப்பா. வெத்தலைச் சுண்ணாம்பு பாக்கெட்டை அமுக்கி வெடிச்சு கண்ணுல பட்டு பார்வை போன குழந்தைங்க நம்ம நாட்டுல நிறைய, ஊசி அடைச்சுட்டு அழுத்தும்போது பீய்ச்சி அடிக்கும், அது நேரா மூஞ்சிக்குத்தான் வரும். 1 மில்லி இல்ல 2 மில்லி சிரிஞ்ச், முனையில மொண்ணை ஊசி, கை எட்டலன்னா ஏர் டியூப்புக்குள்ள போற கட்டிக் குழாய் ஒரு அடி நீளத்துக்கு மாட்டிக்கலாம்.

அப்புறம் ரிட்டர்ன் பம்ப் (சம்ப்லேருந்து தண்ணிய மேல அனுப்புறது), வேவ்மேக்கர் எல்லாம் ஆஃப். தண்ணி அசையாம நிக்கட்டும். ரெண்டு துளி மைசிஸ் (குட்டி இறால் மாதிரி இருக்கிற மீன் தீனி) ஜூஸை அந்தப் பக்கம் விட்டா ஐப்டேசியா நல்லா விரிஞ்சு வாயைத் திறந்து காத்திருக்கும். பக்கவாட்டுலேருந்து மெதுவா, நிழல் படாம கிட்டப் போங்க. குத்தாதீங்க. வாய்க்கு மேல ஒரு சொட்டு, சாப்பாடுன்னு நெனச்சு அதுவே முழுங்கும், முழுங்கினதும் சுருங்கும், சுருங்கினப்புறம் அது இருந்த ஓட்டை முழுசா மூடுற அளவுக்கு மேல ஊத்துங்க. முழுங்கிட்டு உள்ள போறதுதான் முக்கியம், வெளியில மட்டும் பூசினா மேல் பாதி செத்து கீழ் பாதி திரும்ப முளைக்கும். இருபது நிமிஷம் கழிச்சு ஒவ்வொரு பம்ப்பா போடுங்க, எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டா வெள்ளைப் பொடி கிளம்பி கோரல் மேல உக்காரும். இதை நான் காலைலதான் பண்ணுவேன், ராத்திரி பூரா லைட் இல்லாம டேங்க் பிஹெச் இறங்கி இருக்கும், அதனால சுண்ணாம்பால ஏறுறது தாங்கும். அளவும் முக்கியம்: 100 லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு போனாலே கேஹெச் (தண்ணியோட காரத்தன்மை அளவு) முக்கால் டிகிரி ஏறும், கூடவே பிஹெச்சும் குதிக்கும். என் சைஸ் டேங்க்குக்கு ஒரு தடவைக்கு ரெண்டு மூணு மில்லி பேஸ்ட்டோட நிறுத்திடுவேன். மிச்சம் அடுத்த வாரம். அவசரப்பட்டு ஒரே நாள்ல எல்லாத்தையும் தீத்துக் கட்டினா, செத்ததெல்லாம் அழுகி அம்மோனியா வேற ஏறும்.

நான் இப்படி ஊசியோட குனிஞ்சு நிக்கிறதப் பாத்துட்டு எங்கம்மா "எதுக்குடா பூ பூவா நிக்கிறத ஊசி போட்டு கொல்ற, பாவம்டா"ன்னாங்க. விளக்கிப் பாத்தேன். "அப்ப அந்த இன்னொண்ணு மட்டும் காசு குடுத்து வாங்கி வச்சிருக்க, அதுவும் இப்படித்தான இருக்கு"ன்னு க்ளவுனோட அனிமோனைக் காட்டிக் கேட்டாங்க. நியாயமான கேள்விதான், பதில் கிடையாது.

ரெட் ஸீயோட ஐப்டேசியா-எக்ஸ் கிடைச்சா அதுவும் இதே டெக்னிக்தான், வாய்ல குடுத்து முழுங்க வைக்கணும், நல்லாவே வேலை செய்யும், காசுதான் ஜாஸ்தி. எலுமிச்சை சாறு, வினிகர் இன்சுலின் ஊசில ஏத்தறது வெளிய திறந்த இடத்துல இருக்கிற பெருசுக்கு வேலை செய்யும், ஓட்டைக்குள்ள இருக்கிறதுக்கு செய்யாது. சூப்பர் க்ளூ ஜெல்லால ஓட்டையை அடைக்கிறது பரவாயில்ல, ஆனா கல்லுல பக்கத்துல இன்னொரு சந்து இருந்தா அது வழியா வந்துடும். லேசர் வச்சு சுடுற வீடியோவெல்லாம் பாத்து ஆசைப்படாதீங்க, கண்ணாடில பட்டுத் திரும்பி கண்ணுல அடிச்சா அவ்ளோதான், வீட்ல குழந்தைங்க இருந்தா அந்த சாமான் வேணவே வேணாம்.

இப்ப ஒரு விஷயம் கொஞ்சம் அழுத்தமா சொல்லணும். "கல்லை வெளிய எடுத்து கொதிக்கிற தண்ணில போட்டா எல்லாம் செத்துடும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஐப்டேசியா சாகும், உண்மைதான். ஆனா அதே கல்லுல சோவாந்தஸோ, அதோட சொந்தக்காரனான பாலிதோவாவோ ஒட்டி இருந்தா, அதுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கலாம், இயற்கைல இருக்கிறதுல ரொம்பக் கொடூரமான விஷங்கள்ல ஒண்ணு, சூட்டுல அழியாது, ஆவியோட சேந்து வீடு பூரா பரவும். இப்படி அடுப்புல கல்லை வேக வச்சு வீட்ல இருந்தவங்க, நாய் உட்பட, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாட்டுல நிஜமாவே நடந்திருக்கு. காய்ச்சல், நடுக்கம், வாய்ல இரும்புச் சுவை, மூச்சு வாங்குறது இதெல்லாம் அறிகுறி. கொதிக்கிற தண்ணிய கல்லு மேல ஊத்துறதும், காஞ்ச பாலிதோவாவை உளி வச்சு கொத்துறதும் அதே ரிஸ்க்தான். கல்லை ஒரேயடியா சுத்தம் பண்ணியே ஆகணும்னா, மொதல்ல கோரல் எல்லாத்தையும் தண்ணிக்கு அடியிலேயே க்ளவுஸ் போட்டு பிரிச்சு எடுத்துட்டு, கல்லை பக்கெட்ல ப்ளீச் தண்ணில ஊற வச்சு, அலசி, மொட்டை மாடில நம்ம சென்னை வெயில்ல வாரக்கணக்குல காய விடுங்க. அப்படி காஞ்ச கல்லை நேரா டேங்க்ல போடக் கூடாது, உப்புத் தண்ணி பக்கெட்ல சின்ன பம்ப் போட்டு சுத்த விட்டு, அம்மோனியா ஜீரோன்னு டெஸ்ட் காட்டினப்புறம்தான் உள்ள.

தின்னுற ஜீவன் கதைக்கு வருவோம். மொதல்ல எல்லாரும் சொல்றது பெப்பர்மின்ட் ஷ்ரிம்ப், லைஸ்மாட்டா வகை. நல்ல ஆளுதான், ராத்திரி வெளிய வந்து குட்டி ஐப்டேசியாவை மேயும், பெருசைத் தொட பயப்படும். ஒண்ணே ஒண்ணு வாங்கி ஒண்ணும் நடக்காது, கூட்டமா விடணும், அவங்களுக்கு வேற சாப்பாடு வயிறு முட்ட கிடைச்சா இதைத் திரும்பிக்கூட பாக்காது. நம்ம ஊர்ல இருக்கிற பெரிய சிக்கல், அதே பேர்ல கேமல் ஷ்ரிம்ப்ப தலைல கட்டிடுவாங்க. கேமல் இந்தியப் பெருங்கடல்ல நிறைய கிடைக்கிறது, பாக்கவும் அழகு, ஆனா அது ஐப்டேசியாவை விட்டுட்டு உங்க மஷ்ரூமையும் சோவாந்தஸையும் தின்னும். வாங்கும்போது முதுகைப் பாருங்க: திமில் தூக்கி நின்னா, கண்ணு பெருசா பிதுங்கி இருந்தா, சிவப்போட வெள்ளைப் பட்டையும் புள்ளியும் பளிச்சுனு இருந்தா கேமல். பெப்பர்மின்ட் உடம்பு உள்ள தெரியும், மெல்லிசா சிவப்புக் கோடு மட்டும்தான், வெள்ளைப் பட்டை இருக்காது. கடைக்காரர் என்ன சத்தியம் பண்ணாலும் உங்க கண்ணை நம்புங்க.

பெர்கியான்னு ஒரு கடல் நத்தை, ஓடு இல்லாதது, நீளம் ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான், ஐப்டேசியாவைத் தவிர வேற எதுவுமே தின்னாது. கோரலுக்கு ஆபத்தே கிடையாது, தின்ன ஐப்டேசியாவோட கொட்டுற செல்லை தன் முதுகுல இருக்கிற குச்சி நுனியில சேத்து வச்சு தற்காப்புக்கு உபயோகிக்கும், யாரு யோசிச்சிருப்பா. கிடைச்சா அதைவிட நல்ல வழி கிடையாது, ஆனா நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கிற அயிட்டம் இல்ல, கிடைச்சாலும் ராஸ் மீனு, ஷ்ரிம்ப் இருக்கிற டேங்க்ல விட்டா அவங்களுக்கு விருந்து. மாசக்கணக்குல பொறுமையும் வேணும், ராத்திரி மட்டும்தான் வேலை பாக்கும், ஐப்டேசியா தீந்துச்சுன்னா அதுவும் பட்டினில செத்துடும்.

காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை அழகுக்காகவும் இதுக்காகவும் நிறைய பேர் வாங்குறாங்க, நான் வாங்கவே மாட்டேன். நிறைய வீட்டுக்கு வந்து எதையும் தொடாம மெலிஞ்சு சாகுது. மட்டியை ஓட்டோட பிளந்து போட்டு, மைசிஸுக்கு மெதுவா பழக்கி, அதுக்குன்னு பெரிய பழுத்த டேங்க் இருந்தா யோசிக்கலாம். ஐப்டேசியாவுக்காக ஒரு மீனைக் கொண்டு வந்து பட்டினி போடறது எனக்கு ஒப்பல.

என் டேங்க்கை காப்பாத்துனது ஃபைல்ஃபிஷ். அக்ரிக்திஸ் டொமென்டோசஸ்னு பேரு, பழுப்பும் பச்சையுமா, பாக்க ஒண்ணும் இருக்காது, காஞ்ச இலை கணக்கா தண்ணில ஆடிட்டு நிக்கும். ராத்திரி தூங்கும்போது தண்ணி அடிச்சுட்டுப் போயிடக் கூடாதுன்னு ஒரு பாசிக் கிளையை வாயால கவ்விட்டுத் தூங்கும், டார்ச் அடிச்சு அதைப் பாக்கறதே ஒரு பொழுதுபோக்கு. முதல் சில நாள் ஒண்ணும் பண்ணல, அப்புறம் ஒரு நாள் ஒரு ஐப்டேசியாவை ருசி பாத்துச்சு, அதுலேருந்து கல்லு கல்லா தேடித் தேடி, நான் ஊசியால எட்டவே முடியாத பின்பக்கச் சந்து வரைக்கும். ஆனா இதுவும் நூறு சதம் நல்லவன்னு சொல்ல மாட்டேன். ஐப்டேசியா குறையக் குறைய சோவாந்தஸை ஒரு கடி கடிச்சுப் பாத்துச்சு, சோவாந்தஸ் மூடியே கிடந்துச்சு. அதனால ஃபைல்ஃபிஷ் விடறதுக்கு முன்னாடியே, உங்ககிட்ட இருக்கிறதுல உசத்தியான சோவாந்தஸை எடுத்து தனி டப்பாக்கு மாத்துறது நல்லது. ஃபைல்ஃபிஷ்ஷுக்கும் மைசிஸ் சாப்பிடப் பழக்கிடணும், இல்லன்னா வேலை முடிஞ்சதும் பட்டினிதான்.

ஜீவன் எதை விட்டாலும் டேங்க்ல காப்பர் மருந்து பக்கமே போகக் கூடாது, ஷ்ரிம்பும் சாகும், கோரலும் சாகும்.

சாப்பாட்டு விஷயம் சின்னதா தெரியும், ஆனா அதுதான் அடிப்படை. பட்டினி போட்டு ஐப்டேசியாவைக் கொல்ல முடியாது, மேலயே சொன்னேன் பாசி சோறு போடும்னு, ஆனா பெருகுற வேகத்தைக் குறைக்கலாம். ஃப்ரோசன் தீனிக் கட்டியை அப்படியே தண்ணில போடாம உருக்கி, வடிகட்டி, அலசிட்டு, மீனு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ஆர்ட்டீமியா குஞ்சை கோரலுக்குன்னு மேகம் மேகமா ஊத்துறவங்க டேங்க்லதான் நான் பாத்த பெரிய ஐப்டேசியா காடெல்லாம். நைட்ரேட் 5லேருந்து 10க்குள்ள, பாஸ்பேட் 0.1க்குக் கீழ வச்சிருந்தா போதும், ஜீரோவுக்குக் கொண்டு போனா சாஃப்ட் கோரல் சுணங்கிடும்.

இப்ப அது எப்படி உள்ள வந்துச்சுன்னு. காஞ்ச கல்லுல வராது, ஃப்ராக் ப்ளக்கோட (கோரல் துண்டை ஒட்டி விக்கிற சின்ன அடிக்கட்டை) அடிப்பக்கத்துல வரும், சம்ப்புக்கு வாங்குற கீட்டோ பாசில வரும், நத்தை ஓட்டுல, ஹெர்மிட் க்ராப் ஓட்டுல ஒட்டிட்டு வரும். கோரல் டிப்ல (புதுக் கோரலை முக்கி எடுக்கிற மருந்துத் தண்ணி) முக்கினா செத்துடும்னு நெனைக்காதீங்க, சுருங்கிக் கெடந்துட்டு திரும்ப விரியும். என் பழக்கம் என்னன்னா கோரல் வாங்கினதும் ப்ளக்கை கட் பண்ணித் தூக்கிப் போட்டுட்டு புது ப்ளக்ல ஒட்டுறது, அப்புறம் லைட் போட்ட தனி டப்பால சில வாரம், ராத்திரி டார்ச் வச்சு செக்கிங். கீட்டோவை உதிரி உதிரியா பிரிச்சு வெள்ளைத் தட்டுல வச்சுப் பாத்துட்டுத்தான் சம்ப்ல போடுவேன்.

மஜானோவுக்கு பெப்பர்மின்ட்டும் பெர்கியாவும் உபயோகமில்ல. ஃபைல்ஃபிஷ் சிலது தின்னும், சிலது தின்னாது. ஆனா மஜானோ பொதுவா கல்லு மேல வெளியில உக்காரும், அதனால சுண்ணாம்பு நல்லாவே பிடிக்கும். கல்லை வெளிய எடுக்க முடிஞ்சா அது உக்காந்திருக்கிற கல்லுத் துண்டோட சேத்து போன் கட்டர்ல வெட்டி எடுத்துடலாம், அனிமோனை வெட்டாதீங்க, கல்லை வெட்டுங்க. பக்கத்துல சோவாந்தஸ் இருந்தா அதை மொதல்ல எடுத்துடணும், மேல சொன்ன பாலிடாக்சின் கணக்குதான்.

என் சம்ப்ல இப்பவும் ஓவர்ஃப்ளோ பாக்ஸ் மூலைல சிலது வெளுத்துப் போய் நிக்குது. அதை நோண்டல, ரிட்டர்ன் பம்ப் பக்கம் நகர்ந்து வர்றதை மட்டும் பம்ப்பை நிறுத்திட்டு பேஸ்ட் வச்சு முடிச்சிடறேன், ஏன்னா அங்க அடிபட்டா துணுக்கு நேரா மேல இருக்கிற டிஸ்ப்ளே டேங்க்குக்குப் போகும். ஃபைல்ஃபிஷ் இப்ப என்கிட்ட இல்ல. வேலை முடிஞ்சதும் ஐப்டேசியா பிரச்சனை இருந்த ஒரு நண்பர் டேங்க்குக்குப் போச்சு, அங்கேருந்து இன்னொருத்தர்கிட்ட, இப்படியே ஊர் சுத்திட்டு இருக்கு. குடுக்கிறவங்க வாங்குறவங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்டிஷன்தான்: மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் எதுவும் இருக்கக் கூடாது, ஒவ்வொரு வீட்டுக்கும் போறதுக்கு முன்னாடி தனி டப்பால கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பணும்.